களிமண், கடும் வெயில்: எந்த லைலாக் தாங்கும்?

லைலாக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் வாசனைப் புதர், மல்லிகைக்கு உறவு. இரண்டும் ஆலிவ் குடும்பம்தான். வாசனையில் அந்த உறவு தெரியும், வளர்ப்பில் தெரியாது. வெயில் ஏற ஏற மல்லிகை பூத்துத் தள்ளும். லைலாக்கோ குளிர்காலம் முழுக்க நன்றாக உறங்கி எழுந்தால்தான் பூக்கும். அதனால் வெப்பப் பகுதியில் லைலாக் வைக்க நினைப்பவர்கள் குளிரைப் பற்றியே பேசுகிறார்கள். களிமண்ணை மறந்துவிடுகிறார்கள். குளிர் போதாவிட்டால் பூ வராது, அவ்வளவுதான். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் செடியே போய்விடும்.

முதலில் சாதாரண லைலாக். பால்கன் பகுதியின் பாறைச் சரிவுகள்தான் அதன் தாய்மண். பெரிய கொத்து, ஆளை மயக்கும் வாசனை. ஆனால் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல வாரக் குளிர் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் இலையாக விட்டுக்கொண்டிருக்கும், கோடைக் கடைசியில் அந்த இலையிலும் சாம்பல் நோய் வெள்ளையாகப் படரும். சூடான ஊருக்கு இது வேண்டாம்.

அடுத்தது 'லாவெண்டர் லேடி'. தென் கலிஃபோர்னியாவின் டெஸ்கான்சோ தோட்டத்தில் வால்டர் லாமெர்ட்ஸ், மிதமான குளிர்காலத்திலும் பூக்க வேண்டும் என்றே உருவாக்கிய ரகம். வாசனை அசல் லைலாக்கின் வாசனையேதான். இதை வளர்ப்பவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: இலையுதிர் காலம் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்துச் செடியை உறங்க வைப்பது. மணல் கலந்த மண்ணில் இது எளிது. களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நீங்கள் குழாயை மூடினாலும் வேருக்கு அது தெரியாது. மேட்டுப்பாத்தி அமைக்க முடிந்தவர்களுக்கே இந்த ரகத்தைச் சொல்வேன்.

என் தேர்வு வெட்டிலை லைலாக். இலை பெரணி போலக் கீறிக் கீறி இருக்கும். கொத்து சிறியதுதான், ஆனால் கிளை நெடுகப் பூக்கும். வெப்பத்தை நன்றாகத் தாங்கும், சாம்பல் நோயும் எளிதில் அண்டாது. 'மிஸ் கிம்' கொரிய வகை. அடக்கமான புதர், வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆனால் குளிர்காலமே இல்லாத இடத்தில் அதையும் நம்ப முடியாது.

சரி, மண்ணுக்கு வருவோம். ஈரமண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கித் தள்ளுங்கள். உடையாமல் நாடா போல நீண்டால் அது கெட்டியான களி. ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் நேரடியாகச் செடி நடக்கூடாது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். குழிக்குள் மட்டும் நல்ல மண்ணும் எருவும் போட்டு நிரப்புவார்கள். சுற்றிலும் களி இருப்பதால் குழி தொட்டியாகிவிடும். மழைநீர் அதில் நின்று வேர் கறுத்து அழுகும், தோண்டினால் புளித்த வாடை வரும். மணல் கலந்தாலும் சரியாகாது. கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் காய்ந்ததும் செங்கல்தான். தரைக்கு மேலே ஒன்று, ஒன்றரை அடி மேடு கட்டி, மக்கிய எருவை மேடு முழுக்கக் கலந்து அதில் நடுங்கள். சருகு, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடும் மூடாக்கு அவசியம், இல்லாவிட்டால் கோடையில் களி வெடித்து வேரை அறுக்கும். மூடாக்கைத் தண்டில் ஒட்டாமல் போடுங்கள்.

குளிரே இல்லாத இடமா? அப்படியானால் லைலாக்கை விட்டுவிடுவதுதான் நியாயம். கிரேப் மிர்ட்டில் என்ற பூமரம் களியையும் வெயிலையும் தாங்கி மாதக்கணக்கில் பூக்கும், வாசனை மட்டும் இருக்காது. நம் நொச்சியின் இனத்தில் வரும் வைட்டெக்ஸ் செடியின் நீலக் கதிர்கள் பார்வைக்கு லைலாக்கை நினைவூட்டும். அதற்கும் வடிகால் வேண்டும். 'பெர்சியன் லைலாக்' என்று விதை கொடுத்தால் விசாரித்து வாங்குங்கள், வேப்பங்குடும்பத்து மரம் ஒன்றுக்கும் அதே பெயர் உண்டு. அதன் காய் நஞ்சு.

அப்புறம் கவாத்து. கிரேப் மிர்ட்டில் புதுத்தளிரில் பூக்கும், அதைக் குளிர்காலக் கடைசியில் வெட்டலாம். லைலாக் அடுத்த ஆண்டுக்கான மொட்டைக் கோடையிலேயே கட்டிவிடும். பூ வாடிய உடனே கத்தரியுங்கள்.