ஸ்கை பென்சில் ஹாலி: நான்கு வருடம் வளர்த்த பிறகு

வாசல் கதவுக்கு இரண்டு பக்கமும் எனக்கு இருந்த மண் இரண்டடி அகலம்தான். அந்த இடத்துக்குள் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கணும், ஆள் உயரம் தாண்டணும், நடந்து போகிறவர் தோளில் உரசக் கூடாது. இப்படி ஒரு செடியைத் தேடும்போதுதான் ஸ்கை பென்சில் ஹாலி கண்ணில் பட்டது. மூன்று வாங்கினேன். நான்கு வருடம் ஆகிறது, இரண்டு நன்றாக நிற்கின்றன, ஒன்று முதல் கோடையிலேயே போய்விட்டது. அது ஏன் போனது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு செடி செலவானது, வாங்க நினைக்கிறவர்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஹாலி என்றால் முள் இலையும் சிவப்புப் பழமும் வைத்த கிறிஸ்துமஸ் அட்டைச் செடிதான் பலருக்கு ஞாபகம் வரும். இது அதே இனம்தான், ஆனால் வேறு வகை. இலெக்ஸ் கிரெனாட்டா, அதாவது ஜப்பானிய ஹாலி. முள் கிடையாது. இலை விரல் நகம் அளவுதான், கரும்பச்சை, எண்ணெய் தடவினது போல மினுங்கும், ஓரத்தில் மட்டும் மிகச் சிறிய பற்கள் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் பாக்ஸ்வுட் (ஓரவேலியாக நடும் சின்ன இலைப் புதர்ச்செடி) என்றே நினைப்பீர்கள். கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள், பாக்ஸ்வுட்டில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக இருக்கும், ஹாலியில் ஒன்று விட்டு ஒன்று மாறி மாறி இருக்கும். ஜப்பானியர்கள் இதை இனுட்சுகே என்கிறார்கள். இனு என்றால் நாய், ட்சுகே என்றால் அவர்கள் ஊர் பாக்ஸ்வுட். அசலைப் போலவே இருந்து அசல் இல்லாத செடிக்கு நாமும் நாய்த்துளசி, நாய்க்கடுகு என்று பெயர் வைத்திருக்கிறோமே, அதே கணக்குதான்!

இந்த ஒல்லி உருவம் யாரும் கத்தரித்துச் செய்தது இல்லை. ஜப்பானின் டைசென் மலையில் தானாக முளைத்திருந்த ஒரு நாற்றிலிருந்து வந்த ரகம் இது. அமெரிக்க தேசிய மரப்பூங்கா 1992-ல் இதை வெளியிட்டது. நட்டு வளர்ப்பதெல்லாம் அந்த ஒரு செடியின் குச்சியிலிருந்து வந்த வாரிசுகள்தான், விதை போட்டால் இதே வடிவம் வரும் என்று நம்ப முடியாது. பெண் செடி என்பதால் பக்கத்தில் ஆண் செடி இருந்தால் மிளகு போலக் கறுப்புப் பழம் காய்க்கும், இலைக்குள் ஒளிந்திருப்பதால் தேடினால்தான் தெரியும். வெள்ளைப் பூவும் அப்படித்தான், நமக்குத் தெரிவதற்கு முன்னால் தேனீக்குத் தெரிந்துவிடும். முழு வளர்ச்சியில் 2 முதல் 3 மீட்டர் உயரம், அகலம் 60 சென்டிமீட்டர், மிஞ்சினால் 90. ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற செடி இல்லை இது. இடுப்பளவில் வாங்கியது நான்கு வருடத்தில் என் தோளைத்தான் எட்டியிருக்கிறது.

சரி, செத்த செடி விஷயத்துக்கு வருகிறேன். தினமும் தண்ணீர் விட்டேன், சுற்றியுள்ள மண் எப்போது தொட்டாலும் ஈரமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் இலையின் மினுமினுப்பு மட்டும் குறைந்தது, நிறம் மாறவில்லை. தொட்டால் அப்பளம் போல நொறுங்கியது. தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பச்சைக்குப் பதில் பழுப்பு. பிடுங்கியபோதுதான் காரணம் புரிந்தது: தொட்டியில் இருந்த அதே வடிவத்தில், அப்படியே ஒரு வாளி போல வேர்க்கட்டி வெளியே வந்தது, சுற்றி ஈரம், உள்ளே விரலை விட்டால் காய்ந்த பஞ்சு. இப்படித் தொட்டியில் விற்கும் செடிக்கு நர்சரியில் பெரும்பாலும் மண் போடுவதில்லை, பீட்டும் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) மரப்பட்டைத் தூளும்தான். அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது, மேலே விட்டது பக்கவாட்டில் வழிந்து தோட்டத்து மண்ணுக்குப் போய்விடும். வேர் வெளியே பரவும் வரை செடி அந்தக் கட்டிக்குள் இருக்கும் ஈரத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. ஹாலி இலை தடிப்பானது என்பதால் வாடிக் காட்டாது, நமக்குத் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். எனக்கு விற்ற இடத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, எங்கும் வளரும், கவனிப்பே வேண்டாம் என்று ஒட்டிய சீட்டுதான் இருந்தது. அந்தச் சீட்டின் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

மற்ற இரண்டையும் உடனே தோண்டி எடுத்து, வேர்க்கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை முக்கி வைத்து, சுற்றிச் சுற்றி ஓடிய வேர்களைக் கத்தியால் நாலு பக்கமும் கீறிவிட்டு மறுபடி நட்டேன். குழி கட்டியைவிட இரண்டு மடங்கு அகலம், ஆழம் மட்டும் அதே அளவு, அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட வேண்டாம். முதல் வருடம் முழுக்கத் தண்டின் அடியிலேயே மெதுவாகத் தண்ணீர் விட்டேன், விரலைக் கட்டிக்குள்ளேயே விட்டுப் பார்த்த பிறகுதான். மேலே இரண்டு மூன்று அங்குலம் மரப்பட்டை மூடாக்கு, தண்டைத் தொடாமல்.

இதைப் படித்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஜப்பானிய ஹாலிக்கு வேரழுகல் சீக்கிரம் வரும், அதிலும் கறுப்பு வேரழுகல் வந்தால் மருந்து போட்டு மீட்பது கிட்டத்தட்ட முடியாது, அந்தக் கிருமி மண்ணிலேயே தங்கிவிடும், அதே குழியில் இன்னொரு ஜப்பானிய ஹாலியை வைக்கவும் முடியாது. களிமண்ணாக இருந்தால் குழிக்குள் நல்ல மண் போட்டு நிரப்புவது மோசமான யோசனை, தண்ணீர் தேங்கும் தொட்டியைத்தான் கட்டுகிறீர்கள். மேடு கட்டி நடுங்கள். வாங்கும்போதே தொட்டியிலிருந்து உருவிக் காட்டச் சொல்லுங்கள், வேர் நுனி வெள்ளையாக இருந்தால் வாங்கலாம், கறுத்திருந்தால் இலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

மண் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும். என் இடது பக்கச் செடி சிமெண்ட் சுவருக்கு மிக அருகில், இரண்டாம் வருடம் புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது, அது இரும்புச் சத்து எட்டாததன் அடையாளம். கந்தகம் கலந்து, அமில மண் செடிகளுக்கான உரம் போட்டதும் அடுத்த தளிரில் நிறம் திரும்பியது. அப்புறம் சிலந்திப்பேன். இலை மங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள், புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாக அடித்தே நான் சமாளித்துவிட்டேன்.

கவாத்து வேலை ரொம்பக் குறைவு, குளிர் முடிந்து தளிர் விடுமுன் வெளியே துருத்தும் கிளைகளை மட்டும் நறுக்கினால் போதும். பனி விழும் இடத்தில் இருப்பவர்கள் குளிர்காலத்துக்கு முன் மெல்லிய கயிறால் கீழிருந்து மேலாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள், பனிக்கட்டியின் கனத்தில் கிளைகள் விரிந்தால் மறுபடி ஒன்றாகச் சேரவே சேராது. நிழலில் நட்டாலும் உருவம் தளர்ந்துவிடும், அரை நாள் வெயிலாவது வேண்டும். மைனஸ் 20 டிகிரி வரை குளிர் தாங்குகிற செடி இது, ஆனால் வருடம் முழுக்கக் கொளுத்தும் இடத்தில் வைத்துச் சித்திரவதை செய்யாதீர்கள். வெயிலும் கார மண்ணும் உள்ளவர்கள் யோபான் ஹாலியில் வில் ஃபிளெமிங் என்ற ஒல்லி ரகத்தைப் பார்க்கலாம், அதற்குப் பிடிவாதம் குறைவு, வயதானால் அதையும் கட்டித்தான் நிறுத்த வேண்டும்.

மறைப்பு வேலியாக வரிசையில் நடச் சொன்னால் வேண்டாம் என்பேன். பத்தில் ஒன்று போனால் பல் விழுந்த மாதிரி இடைவெளி, இவ்வளவு மெதுவாக வளரும் செடியில் அதே உயரத்தை எட்டப் பல வருடம் ஆகும். வாசலுக்கு ஜோடியாக, மூலையில் ஒற்றையாக, பெரிய தொட்டியில் என்றால் தாராளமாக வாங்கலாம், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். என் இரண்டும் இந்த வாரம் தளிர் விட்டிருக்கின்றன, நுனியில் வெளிர் பச்சை, கீழே கரும்பச்சை, இடது பக்கத்துச் செடியில்கூட ஒரு மஞ்சள் இலை இல்லை.