வழிகாட்டியோடு நெடுந்தீவுக்கு ஒரு நாள்

லீவில் ஊருக்கு வந்து நிற்பவர்களுக்கு நெடுந்தீவுப் பயணம் ஒழுங்குசெய்து கொடுக்க யாழ்ப்பாணத்தில் இப்போது ஆட்களுக்குக் குறைவில்லை. தங்குவிடுதிக்காரர், வான் வைத்திருப்பவர், ஓட்டோக்காரர், முகநூலில் விளம்பரம் போடும் இளைஞர் எல்லாரிடமும் ஒரு பக்கேஜ் இருக்கும். விடியக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னேரம் கொண்டுவந்து விடுவோம் என்பார்கள். உண்மையில் அது நான்கு தனித்தனி வேலை: குறிகட்டுவான் வரைக்கும் வான், அங்கிருந்து படகு, தீவுக்குள் ஓட இன்னொரு வாகனம், மத்தியானச் சாப்பாடு. நான்கும் ஒரே ஆளின் கையில் இருப்பது அரிது. எது யாருடைய பொறுப்பு என்று விசாரிக்காமல் மொத்தக் காசையும் கொடுத்துவிட்டால், நடுவில் ஒன்று பிசகும்போது கேட்பதற்கு ஆள் இருக்காது.

ஆகவே விலையைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். வானுக்கு எவ்வளவு, படகுக்கு எவ்வளவு, தீவு வாகனத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கும் வழிகாட்டிக்கும் எவ்வளவு என்று வட்ஸ்அப்பில் எழுதி வாங்கினால் போதும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்றதும் விலை ஏறுவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்; கணக்கைப் பிரித்துக் கேட்டாலே அதில் பாதி இறங்கிவிடும். அதைவிட முக்கியமான காரணம் காற்று. காற்றுக் கடுமையாகிப் படகு ஓடாத நாளில் எந்தக் காசு திரும்பி வரும் என்பதை முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். துறைமுகம் வரைக்கும் ஓடிய வான்காரருக்கு அவர் கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும். சமையல் தொடங்கிவிட்டால் சாப்பாட்டுக் காசும் போனதுதான். படகுக்கும் தீவு வாகனத்துக்கும் கட்டியது திரும்ப வரவேண்டும்.

வழிகாட்டியாக நெடுந்தீவிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரைத் தேடுங்கள். பட்டணத்து வழிகாட்டி நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கிய பிறகுதான் ஓட்டோ பிடிக்கத் தொடங்குவார். அதிலேயே அரை மணித்தியாலம் போய்விடும். தீவுக்காரருக்கு யாருடைய பிக்கப் எங்கே நிற்கிறது, எந்த வீட்டில் சமைத்துத் தருவார்கள், தீவில் கட்டாக்காலியாக மேயும் குதிரைகள் எந்தப் பக்கம் தண்ணீருக்கு வரும் என்பதெல்லாம் கைபேசியில் இரண்டு அழைப்பு. ஆளைச் சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. முதல் நாள் பின்னேரம் எடுத்து, நாளைக்கு எந்தப் படகு ஓடுது, எத்தனை மணிக்கு, திரும்பி வாறது எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். படகின் பெயரோடு பதில் வந்தால் நம்பலாம். “வாங்கோ, பாப்பம்” என்று சொன்னால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

இதைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று அரச சேவைப் படகுகளின் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் குறித்த நாளில் எது ஓடுகிறது என்பது நிச்சயமில்லை. இயந்திரப் பழுதென்று ஒரு படகு திருத்த வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் நிற்கும். அந்த இடைவெளியைத் தனியார் படகுகள் நிரப்புகின்றன. நேரமும் அதற்கேற்ப மாறும். இணையத்தில் கிடக்கும் பழைய நேர அட்டவணையை நம்பி வெளிக்கிட்டால் துறையில்தான் நிற்கவேண்டி வரும்.

காலை முதற்படகைப் பிடிப்பதை வைத்துத்தான் முழு நாளையும் கட்டவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் ஏறத்தாழ 35 கிலோமீற்றர். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று வழி நேராகத்தான் போகிறது. வானில் ஒரு மணித்தியாலம், 776ஆம் இலக்க பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். படகு எட்டு மணிக்கென்றால் ஏழேகாலுக்குத் துறையில் நிற்கவேண்டும். கிழமை நாட்களில் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் அதே படகில்தான் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கும், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் நோயாளிகளுக்கும் அதுதான் பஸ். சுற்றிப்பார்க்க வந்த குழு முன்னுக்கு ஓடிப்போய் இருக்கைகளைப் பிடித்துக்கொள்வது மிகப் பிழையான பழக்கம். பத்துப் பேருக்கு மேல் என்றால் தனிப்படகு பேசச் சொல்வதுதான் முறை. அப்படிப் பேசும்போது பயணிகளை ஏற்ற அனுமதி உள்ள படகா, ஆளுக்கொரு லைஃப் ஜக்கெற் இருக்கிறதா என்று கேளுங்கள். குறிப்பாகச் சின்னப்பிள்ளைகளின் அளவு இருக்கிறதா என்று கேட்கவேண்டும். பெரியவர்களுடையதைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் தலைக்கு மேலால் கழன்றுவிடும். மீன்பிடிக்கிற பிளாஸ்ரிக் படகில் மலிவாகக் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்பவரை விட்டுவிடுங்கள்.

சனி, ஞாயிறு, பாடசாலை விடுமுறை, எல்லாவற்றுக்கும் மேலாகப் போயா (முழுநிலா விடுமுறை) நாட்களைத் தவிர்க்கவேண்டும். நயினாதீவு விகாரைக்குத் தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறவர்களும் இதே குறிகட்டுவானில்தான் படகேறுகிறார்கள். ஆனி மாதம் நாகபூசணி அம்மன் திருவிழா நடக்கும் நாட்களும் அப்படித்தான். கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள். துறையில் பெயரும் இலக்கமும் பதிவதுண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோனாலே போதும்.

படகில் ஏறும் இடத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டில் நடைமேடை போட்டு ஏற்றிப் பழகிய அம்மா அப்பாமார் இங்கேதான் தடுமாறுவார்கள். துறைச் சுவரில் பழைய டயர்கள் கட்டியிருக்கும். அலை வரும்போது படகு டயரில் இடிக்கும், பிறகு ஒரு முழம் விலகும், திரும்ப இடிக்கும். விலகுகிற நேரத்தில் கால் வைப்பதால்தான் ஆட்கள் விழுகிறார்கள். இடித்த அந்தக் கணத்தில், படகில் நிற்பவர் நீட்டுகிற கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே எட்டில் உள்ளே போகவேண்டும். விரலைப் பிடித்தால் வழுக்கும். இரண்டு கையும் சும்மா இருக்கவேண்டும். பை முதுகில், செருப்பு வாரோடு காலில். சில நாட்களில் படகுகள் பக்கம் பக்கமாகக் கட்டி நிற்கும். அப்போது ஒரு படகின் குறுக்கால் போய் அடுத்ததில் ஏறவேண்டும். முழங்கால் நோவுள்ள ஒருவர் கூட வந்தால் இதை முதலிலேயே வழிகாட்டிக்குச் சொல்லி வையுங்கள்.

உள்ளே படியிறங்கினால் தளத்துக்குக் கீழே பலகை இருக்கைகள். காற்றோட்டம் குறைவு, டீசல் மணம் ஏறும். சத்தி வருகிறவர்கள் பின்பக்கமாக, படகின் நடுக்கோட்டை ஒட்டி, வெளியைப் பார்க்கக்கூடிய இடமாகப் பார்த்து இருக்கவேண்டும். முன்பக்கம்தான் கூடத் தூக்கிப் போடும். மாத்திரை போடுவதென்றால் ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முந்தி. ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. வயிற்றைக் காயவும் விடக்கூடாது; யாழ்ப்பாணத்திலேயே இடியப்பமும் சம்பலும் பார்சல் கட்டிக்கொண்டு வந்து வானில் சாப்பிட்டால் சரியாக இருக்கும். துறையில் பிளேன்ரீயும் வடையும் கிடைக்கும்.

கடற்பயணம் ஒரு மணித்தியாலமளவில். அது எப்படிப் போகும் என்பதைக் காற்றுத்தான் சொல்லும். இந்தக் கடல் ஆழம் குறைந்தது, ஆகவே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அடிக்கும். நெடுந்தீவு குறிகட்டுவானிலிருந்து தென்மேற்கே கிடக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது போகிற பயணம் காற்றுக்கு எதிரே. தண்ணீர் மேலே தெறிக்கும், ஆட்டமும் கூட. திரும்பி வருவது சுகம். மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும்போது இது தலைகீழாகும்: போகும்போது ஒன்றும் தெரியாது, களைத்துத் திரும்பும் நேரத்தில்தான் படகு ஆடும். மாசியிலிருந்து சித்திரை வரை கடல் பெரும்பாலும் அமைதி. ஆனால் எங்கள் ஆட்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு வருவது ஆடி, ஆவணியில். அது சோழகக் காலம், கடும் வறட்சியும் கூட. கைபேசியையும் கடவுச்சீட்டையும் ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி வையுங்கள்.

கரையேறியதும் எல்லாரும் வாகனத்தில் தாவி ஏறுவார்கள். அதற்கு முன் மாவிலித்துறையில் இருக்கும் குமுதினி நினைவிடத்தில் நிற்கவேண்டும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் இருந்த பயணிகளை, குழந்தைகள் பெண்கள் என்று பாராமல் நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் இங்கே நினைவேந்தல் நடக்கிறது. சில வழிகாட்டிகள் இதைச் சொல்லாமலே கடந்துபோகிறார்கள். வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகள் இதே கடலைக் கடந்து வந்திருக்கிறார்கள். கோட்டையைப் பற்றிச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். கையில் கிடைப்பது நான்கு, மிஞ்சினால் ஐந்து மணித்தியாலம். வழக்கமாகச் செய்கிற பிழை, துறைக்குக் கிட்ட இருக்கிறதை முதலில் பார்த்துவிட்டு, உச்சி வெயிலில் தெற்கு வெளிக்குப் போவது. அதற்குள் வெக்கை ஏறிவிடும், திரும்பி வரும் நேரமும் நெருங்கிவிடும். தூரத்தில் இருப்பதை முதலில் முடிக்கவேண்டும். குதிரைகள் மேய்கிற தெற்கு வெளி, அந்தக் கரையில் கப்பல்களுக்கு அடையாளமாக நின்ற குவிந்தா கோபுரம், பிறகு பெருக்குமரம் (பாவோபாப்), வளர்ந்துகொண்டே இருப்பதாகச் சனங்கள் நம்பும் வளரும் கல், கடைசியாக வடக்கே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் கோட்டையும் புறாக்கூடும். கடைசி இரண்டும் துறைப்பக்கம் என்பதால், நேரம் தட்டுப்பட்டால் எதைக் குறைக்கலாம் என்பது கையில் இருக்கும்.

குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த வழியென்று சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். 2015இல் இந்தப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வறட்சியில் தண்ணீரில்லாமல் குதிரைகள் சாவது இன்னும் நடக்கிறது. படத்துக்காகப் பிக்கப்பை விட்டுத் துரத்துகிற சாரதிகள் இருக்கிறார்கள். முதல் தடவையே நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கூட்டத்தை ஓடவைத்தால் அது வெயில் தணியும் வரை திரும்பாது. மாரியில் வெளியில் தண்ணீர் நிற்கும், வாகனம் புதையும். அந்த மாதங்களில் தெற்கே போகமுடியுமா என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கோட்டை போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் எடுத்துக்கொண்டது. சுவர் முழுக்க முருகைக்கல்லும் சுண்ணாம்பும். கிட்டப்போய்ப் பார்த்தால் கல்லுக்குள் பவளப்பூச்சி கட்டிய கண்ணறைகள் அப்படியே தெரியும். மேல்மாடிச் சுவர்கள் தளர்ந்து நிற்கின்றன, பிள்ளைகளை ஏறவிடக்கூடாது. எனக்கு இதையெல்லாம்விட வடிவாகத் தெரிவது வீட்டு வேலிகள்தான். சாந்து இல்லாமல், கல்லோடு கல்லைக் கவ்வவைத்து நெஞ்சளவுக்கு அடுக்கியிருக்கிறார்கள். பெரிய கல் அடியில், சிறுகல் இடைவெளியில். காற்று ஊடே போய்விடுவதால் சோழகத்துக்கும் விழாது. அதிலிருந்து ஒரு கல்லை நினைவுக்கென்று உருவினால் பக்கத்துக் கல்லும் சரியும்.

சாப்பாட்டை முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும். விடியக் கரைக்கு வருகிற மீனையும் நண்டையும் பார்த்துத்தான் சமைக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குப் போய்க் கேட்டால் சோறும் பருப்பும்தான் மிஞ்சும். சைவம் என்றால் அதையும் முன்னமே சொல்லுங்கள். குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுபோகவேண்டும். தீவில் நல்ல தண்ணீருக்குச் சனங்களே கஷ்டப்படுகிறார்கள். பெரும்பாலான கிணறுகள் உவர். வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். தொப்பி கட்டாயம், வெளியில் நிழல் கிடையாது. மலசலகூடத் தேவையைச் சாப்பிடும் வீட்டிலேயே முடித்துக்கொள்வது நல்லது. காசு ரூபாயாக, சின்னத் தாள்களாக வைத்திருங்கள். ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடக்கூடாது.

ஒரே நாளில் நயினாதீவும் நெடுந்தீவும் என்று விற்கிற பக்கேஜை வாங்கவேண்டாம். இரண்டிலும் அவசரம்தான் மிஞ்சும். நயினாதீவுக்குப் படகு அடிக்கடி ஓடுகிறது, கால் மணித்தியாலம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், வழிகாட்டியும் தேவையில்லை. வயதானவர்களோடு வருபவர்கள் அதை இன்னொரு நாளுக்கு வைத்து, அம்மன் கோயில் மத்தியானப் பூசை பார்த்து, அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிட்டு வரலாம். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகவேண்டும்.

நெடுந்தீவிலிருந்து திரும்பும் படகுக்கு அரை மணித்தியாலம் முந்தித் துறையில் நில்லுங்கள். காலையில் வந்த ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் அதில்தான் வீடு திரும்புகிறார்கள். அதைத் தவறவிட்டால் இரவு தீவில்தான், அல்லது பெரிய காசுக்குத் தனிப்படகு. படகு வெளிக்கிட்டதும் வான் சாரதிக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்; நடுக்கடலில் சிக்னல் போய்விடும். தீவுச் சாரதிக்குக் கொடுக்கிற சந்தோஷக் காசை மட்டும் பக்கேஜ்காரரிடம் விடாமல் மாவிலித்துறையில் வைத்து நேரே அவர் கையில் கொடுங்கள்.