அழகான முப்பரிமாணப் படத்தைக் காட்டி பிளானோகிராம் மென்பொருள் விற்க வருகிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

மளிகைக் கடை, பல்பொருள் அங்காடி நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் இடத்தைக் கணக்குப் போட்டுப் பிரித்துத் தருகிறோம் என்று சொல்லி ஒரு மென்பொருள் நிறுவனம் எங்களிடம் ஆண்டுச் சந்தா வாங்கியது. விவகாரம் வக்கீல் நோட்டீஸ் வரை போயிருப்பதால் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இல்லை. இதே மாதிரி பேசி விற்பவர்கள் வேறு சிலரும் இருக்கிறார்கள் என்று தொழிலில் உள்ள நண்பர்கள் சொல்கிறார்கள்.

இந்த வகை மென்பொருள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. எந்த ரேக்கில், எந்தத் தட்டில், எந்தச் சரக்கு எத்தனை முகப்பு (முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் எண்ணிக்கை) நிற்க வேண்டும் என்று காட்டும் வரைபடம்தான் பிளானோகிராம். பெரிய சங்கிலிக் கடைகள் 1980-களிலிருந்தே இதைக் கணினியில் போடுகின்றன. ஒழுங்காகப் போட்டால் ஆள் மாறினாலும் தட்டு மாறாது. சரக்கு அடுக்குகிறவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

டெமோவில் எங்கள் கடையையே திரையில் கட்டி, உள்ளே நடப்பது போலக் காட்டினார்கள். அதைவிட எங்களை இழுத்தது அவர்களின் விற்பனையாளர் சொன்ன ஒரு பேச்சு. "உங்க சரக்கு எல்லாத்தோட அளவும் எங்க லைப்ரரியில ஏற்கெனவே இருக்கு சார். பார்கோடு லிஸ்ட் மட்டும் குடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்." பிளானோகிராம் வேலையில் முக்கால்வாசி உழைப்பு அளவெடுப்பதில்தான் போகிறது. ஒவ்வொரு சரக்கின் அகலம், உயரம், ஆழம், ஒரு பெட்டிக்கு எத்தனை என்பது எல்லாம் வேண்டும். ஒரு நடுத்தரக் கடையில்கூட ஆயிரக்கணக்கான சரக்கு. அந்த வேலை முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் யார்தான் கையெழுத்துப் போட மாட்டார்கள்?

லைப்ரரியில் இருந்தது படங்கள். அளவுகள் பல இடத்தில் கற்பனை. வரிசையாகப் பல சரக்குகளுக்கு மூன்று பக்கமும் ஒரே எண். அதாவது யாரும் அளக்கவே இல்லை, மென்பொருள் தானாகப் போட்ட எண் அப்படியே கிடக்கிறது. வேறு சிலவற்றில் அகலமும் ஆழமும் இடம் மாறியிருந்தன. ஷாம்பு புட்டி திரையில் சப்பையாக, இழுத்துவிட்ட மாதிரி நின்றது. டெமோவில் காட்டிய ரேக் மட்டும் ஒழுங்காக அளக்கப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது. சரியாக அளந்திருந்த சரக்கிலும் பாதி பழைய பேக்கிங். பார்கோடு அதேதானே என்று வாதாடினார்கள். பார்கோடு எண்களை வழங்கும் உலக அமைப்பான ஜிஎஸ்1-இன் விதிப்படி, பொட்டலத்தின் ஏதாவது ஒரு பக்க அளவு 20 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் புதிய எண் கட்டாயம். அதற்குக் கீழே எவ்வளவு மாறினாலும் பழைய பார்கோடே தொடரலாம். 8 செ.மீ. அகலப் புட்டி ஒரு மீட்டர் தட்டில் 12 முகப்பு நிற்கும். அதே புட்டி 9 செ.மீ. ஆகிவிட்டால் 11 தான். உயரம் ஒரு விரல் கூடினால் தட்டையே கழற்றி மேலே ஏற்ற வேண்டும். ஏற்றினால் அதற்கு மேல் தட்டில் உள்ளது நுழையாது.

கடை மூடிய பிறகு ஊழியர்களை நிறுத்திவைத்து ரேக்குகளைப் பிரித்து அடுக்கினோம். வரைபடத்தில் இடித்துக்கொண்டு நின்ற சரக்கு நிஜத்தில் நிற்கவில்லை. பொருளுக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் கை நுழைய இடைவெளி வேண்டும் என்பதே அதில் இல்லை. சில தட்டுகளில் கொள்ளளவு 9, ஆனால் சரக்கு வருவதோ 12 அடங்கிய பெட்டி. மீதி மூன்றும் பிரித்த பெட்டியோடு குடோனுக்குத் திரும்பும். அந்த மாதிரி அரைப்பெட்டிகள் பின்னால் மலையாகச் சேர்ந்தன. கணினியில் ஸ்டாக் இருக்கிறது, தட்டில் இல்லை, வாடிக்கையாளர் கேட்டால் தேட ஆள் போக வேண்டும். மென்பொருள் வாங்கியதே இதைத் தவிர்க்கத்தான்.

இதையெல்லாம் திருத்திக்கொள்ளலாம், நாங்களே அளந்துகொள்ளலாம் என்று தேற்றிக்கொண்ட சமயத்தில்தான் 'தானியங்கிப் பரிந்துரை' வந்தது. விற்பனைக் கணக்கைப் படித்து, ஓடாத சரக்கின் இடத்தைக் குறைத்து ஓடும் சரக்குக்குக் கொடுக்கும் என்றார்கள். அது படித்தது பில்லிங் கணக்கை மட்டும். ஒரு சரக்கு சப்ளையரிடமிருந்தே வராமல் தட்டு காலியாகக் கிடந்த நாட்களை அது 'யாருக்கும் வேண்டாத நாட்கள்' என்று எடுத்துக்கொண்டது. பட்டினி கிடந்தவனைப் பார்த்து இவனுக்குப் பசியே எடுக்காது என்று சொல்கிற கணக்கு. வந்த அன்றே விற்றுத் தீர்கிற சரக்குக்கு முகப்பைக் குறைத்தது. குறைத்ததால் இன்னும் சீக்கிரம் தீர்ந்தது. அடுத்த பரிந்துரையில் இன்னும் குறைத்தது. தட்டு காலியாக இருப்பது அபூர்வமும் இல்லை. உலக அளவில் பல ஆய்வுகளைத் தொகுத்து குரூயன், கார்ஸ்டன், பரத்வாஜ் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட அறிக்கை, தட்டில் சரக்கு இல்லாத நிலை சராசரியாக 8.3 சதவீதம் என்கிறது. இதைக் கணக்கில் எடுக்காத மென்பொருள் எதைத்தான் கணக்கில் எடுக்கிறது?

இடத்தை இரண்டு மடங்காக்கினால் விற்பனையும் அப்படியே ஏறும் என்ற தொனியில் ஒரு கிராஃபும் காட்டினார்கள். அதையும் நம்பாதீர்கள். மார்ட்டின் ஐசெண்ட் 2014-இல் முந்தைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், இடம் 1 சதவீதம் கூடினால் விற்பனை சராசரியாக 0.17 சதவீதம்தான் கூடுகிறது. முகப்பு எத்தனை என்பதைவிட, எந்த உயரத்தில் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதுதான் அதிகம் பேசும் என்று 1994-லேயே டிரெஸ், ஹோக், பர்க் மூவரும் கடைகளில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். இடம் பிரிப்பதில் லாபம் உண்டு. காலித் தட்டும் பிரித்த பெட்டியும் குறைவதில்தான் அதில் பெரும்பங்கு என்பது என் கணிப்பு.

பயிற்சி என்று ஒன்று தந்தார்கள். ஒரு வீடியோ.

சரி, வேண்டாம் என்று விலகப் பார்த்தோம். அதற்குள் லைப்ரரியை நம்புவதை விட்டு எங்கள் ஊழியர்களே டேப் பிடித்து நிறைய சரக்கை அளந்து ஏற்றியிருந்தார்கள். அந்த அளவுகளைக் கொடுங்கள் என்றால், பிடிஎஃப் படம் மட்டும்தான் வருமாம். எக்ஸெல் கிடையாது. பல மென்பொருள்கள் படித்துக்கொள்ளும் பிஎஸ்ஏ கோப்பும் கிடையாது, அது "மேல் திட்டத்துல மட்டும்தான் சார் வரும்." அதாவது எங்கள் ஆட்கள் எடுத்த அளவை நாங்களே காசு கொடுத்து மீட்க வேண்டும். ஒப்பந்தத்தைத் தேடினால், 'தளத்தில் ஏற்றப்படும் தகவல்' என்ற வரியை இரு பக்கமும் இழுக்கும்படி எழுதியிருக்கிறார்கள். வக்கீல் இப்போது பிடித்துக்கொண்டிருப்பது அந்த வரியைத்தான்.

யாராவது உங்களிடம் இதே கதையோடு வந்தால், டெமோவுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ரேக்கை ஏற்காதீர்கள். உங்கள் கடையிலிருந்து நீங்களே ஒரு ரேக்கைக் காட்டி, பார்கோடுகளைக் கொடுத்து, லைப்ரரியிலிருந்து வரும் அளவுகளை அவர்கள் எதிரிலேயே டேப்பால் சரிபாருங்கள். பை, பவுச் மாதிரி நிற்காத சரக்கும் அதில் இருக்கட்டும். பெட்டிக்கு எத்தனை என்ற எண்ணைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் அவர்கள் ஒரு குடோனை எட்டிப் பார்த்ததே இல்லை. ஸ்டாக் இல்லாத நாட்களைக் கணக்கிலிருந்து எப்படி விலக்குகிறது என்று கேளுங்கள். ஏற்றிய அளவுகளை எக்ஸெல்லில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், கையெழுத்துக்கு முன்னால், அந்த டெமோவிலேயே.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் இன்றைக்கே ஒப்பந்தத்தில் புதுப்பிப்புப் பகுதியைப் படியுங்கள். எங்களுடையதில், கெடு முடிவதற்கு முன் எழுத்தில் மறுக்காவிட்டால் சந்தா தானாகவே அடுத்த ஆண்டுக்கு ஓடும் என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. நாங்கள் பதிவுத் தபாலில் மறுப்பு அனுப்பியிருக்கிறோம், மின்னஞ்சலிலும் ஒரு படி. இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை. வந்தால் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.