புது லேப்டாப்பிற்கு எந்த எஸ்.எஸ்.டி.? சேலத்தில் வாங்கிய டபிள்யூ.டி. புளூ எஸ்.என்.580 பற்றி

கல்யாண வீடியோ எடிட்டிங்கிற்காக வாங்கிய லேப்டாப்பில் 512 ஜிபி எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) மட்டுமே இருந்தது. விண்டோஸ் அதை 476 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தைக் கொண்டும் விண்டோஸ் 1024-ஐக் கொண்டும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசமே அது, யாரும் ஏமாற்றவில்லை. முகூர்த்த மாதத்தில் 4கே காட்சிகள் குவியும் வேகத்திற்கு அது போதாது என்பதால், காலியாக இருந்த இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் (மெல்லிய அட்டை வடிவ டிரைவைச் செருகும் இடம்) பொருத்த 1 டிபி டிரைவ் தேடி ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குச் சென்றேன்.

கடைப் பையன் முதலில் எடுத்து வைத்தது கியூ.எல்.சி. வகை. "இதுவும் ஒரு டிபிதானுங்கண்ணா, விலையும் கம்மி" என்றார். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் எழுதத் தொடங்கும்போது கிடைப்பது. ஒரு செல்லில் (சிப்பில் தரவு உட்காரும் மிகச்சிறு அறை) நான்கு பிட்டுகளைத் திணிக்கும் இவ்வகை டிரைவில், வேகமாக எழுத ஒதுக்கிய தற்காலிகப் பகுதியான எஸ்.எல்.சி. கேச் நிரம்பியதும் எழுதும் வேகம் பழைய ஹார்ட் டிஸ்க்கின் அளவுக்கும் கீழே விழக்கூடும். பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் வாங்குபவர் இதை உணரவே மாட்டார். நூறு, இருநூறு ஜிபியை ஒரே மூச்சில் நகலெடுப்பவர் நன்றாக உணர்வார். ஆயுள் கணக்கிலும் வேறுபாடு உண்டு: கியூ.எல்.சி. வகையான குரூஷியல் பி3-யின் 1 டிபி மாடலுக்கு 220 டி.பி.டபிள்யூ. (வாரண்டிக்குள் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்கு) என்றால், செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் எஸ்.என்.580-க்கு 600.

ஆகவே எஸ்.என்.580-ஐயே எடுத்தேன். நொடிக்கு 4,150 எம்பி வேகம், ஐந்தாண்டு வாரண்டி. எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைக்கும் தனி நினைவகம், அதாவது டிராம், கிடையாது. லேப்டாப்பின் ராமில் சிறு பகுதியை அது கடன் வாங்கிக்கொள்கிறது, என் வேலையில் அது குறையாகத் தெரியவில்லை. சித்திரை வெயிலில் மின்விசிறியோடு மட்டும் வேலை செய்யும் சேலத்துக்காரர்கள் சூட்டையும் பார்க்க வேண்டும்; அதிவேக டிரைவ்கள் பொதுவாகக் கூடுதலாகச் சூடாகும். சாம்சங் 990 புரோ நொடிக்கு 7,450 எம்பி வரை படிக்கும். ஆனால் 1 டிபிக்கு அதற்கும் அதே 600 டி.பி.டபிள்யூ.தான் என்னும்போது, கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்குவதற்கு முன் ஸ்லாட்டைப் பாருங்கள். எம்.2 வடிவில் இருப்பதெல்லாம் என்.வி.எம்.இ. என்னும் வேகமான இணைப்பு முறை ஆகாது, பழைய முறையான சாட்டா வகை நொடிக்கு 550 எம்பியைச் சுற்றியே நின்றுவிடும். டிரைவின் அளவைச் சொல்லும் எண் 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம்; சில லேப்டாப்களில் 2230 அளவுக்குத்தான் இடம் இருக்கும். இரண்டாவது ஸ்லாட் இல்லாமல் பழைய டிரைவையே மாற்றுவதாக இருந்தால், டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் கண்ணெதிரிலேயே பின்மூடியைத் திறந்து, டிரைவைச் சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்தி, கடுகளவு திருகைக் காந்த முனையால் பொருத்தியது திருப்தியாக இருந்தது. பில்லில் மட்டும் சீரியல் எண்ணைப் போடவில்லை. கேட்ட பிறகு பேனாவால் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.