நான்காம் பதிப்பா, பாத்ஃபைண்டரா?

ஆளுக்கொரு கேரக்டராக டைஸ் உருட்டிக் கதை நடத்தும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு 2008 ஜூனில் வந்ததும் ரசிகர்கள் இரண்டுபட்டார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி பைசோ என்ற பதிப்பகம். விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்டிடம் உரிமம் பெற்று ‘டிராகன்’, ‘டன்ஜன்’ பத்திரிகைகளை நடத்திவந்த அந்த நிறுவனத்துக்கு 2007-ல் உரிமம் முடிந்துபோனது. ஆனால் மூன்றாம் பதிப்போடு 2000-ல் வந்த, விதிகளை மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த விடும் திறந்த உரிமம் இருக்கவே இருந்தது. அதை வைத்து பைசோவின் ஜேசன் புல்மான், மூன்றாம் பதிப்பின் திருத்திய வடிவமான 3.5-ன் விதிகளைத் தட்டிச் சீர்செய்தார். 2009 ஆகஸ்டில் பாத்ஃபைண்டர் என்ற தனி விளையாட்டாக அது 576 பக்கத்தில் வந்தது.

கேரக்டர் வகைகளான வகுப்புகளில், முதலில் ஆயுதமேந்திச் சண்டையிடும் ஃபைட்டரைப் பார்ப்போம். 3.5-ல் அவர் வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: எதிரியின் அருகே நின்று டைஸ் உருட்டிக்கொண்டே இருப்பது. பத்தாம் லெவலுக்கு மேல் மந்திரவாதியான விசார்ட் நினைத்த இடத்துக்குத் தாவிப் போவார். ஃபைட்டர் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருப்பார். நான்காம் பதிப்பில் முதல் லெவலிலேயே ‘டைட் ஆஃப் அயர்ன்’ என்ற திறன் கிடைக்கும். உங்கள் அடி எதிரிமேல் விழுந்தால், சண்டை நடக்கும் பாயில் அவரைக் கேடயத்தால் ஒரு கட்டம் பின்னுக்குத் தள்ளிவிட்டு அந்தக் கட்டத்தில் நீங்கள் போய் நிற்கலாம். படுகுழி ஓரத்தில் சண்டை நடந்தால் இதன் அருமை தெரியும். பாத்ஃபைண்டர் ஃபைட்டருக்குக் கவசப் பயிற்சி, ஆயுதப் பயிற்சி என்று கூட்டல் எண்கள் சேர்ந்தன; மேசையில் அவர் செய்வது பெரிதாக மாறவில்லை. இதில் நான்காம் பதிப்புக்கே என் ஓட்டு.

விசார்ட் கதை வேறு. ‘மேஜிக் மிசைல்’ காலங்காலமாகக் குறி தவறாத மந்திரம். நான்காம் பதிப்பு அதற்கும் டைஸ் உருட்டச் சொன்னது. தீக்கோளம் கட்டக் கணக்கில் சதுரமாக வெடித்தது. அந்தக் கேலி இன்னும் ஓயவில்லை. எல்லா வகுப்பின் திறன்களும் ஒரே அச்சில், பச்சை, சிவப்பு, கறுப்புப் பட்டை போட்ட பெட்டிகளில் வந்தன. போதாக்குறைக்கு முதல் புத்தகத்தில் நோம் என்ற குள்ள இனம் இல்லை, பாட்டால் மந்திரம் போடும் பார்ட் இல்லை, இயற்கை மந்திரம் போடும் ட்ரூயிட் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கதையில் ஒருவர் ட்ரூயிடாக இருந்தால் அந்தக் குழு என்ன செய்யும்? 2010-ல் மேஜிக் மிசைலை மீண்டும் குறி தவறாததாக்கினார்கள். அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பாத்ஃபைண்டரும் கைவைக்காமல் இல்லை. ஒளிவதையும் ஓசையின்றி நடப்பதையும் நான்காம் பதிப்பு, பாத்ஃபைண்டர் இரண்டுமே ஒரே திறனாக்கின. பாத்ஃபைண்டர் விசார்டின் உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்குவார் என்ற எண்) டைஸை நான்கு முகத்திலிருந்து ஆறு முகத்துக்கு ஏற்றியது. மல்லுக்கட்டும் விதியை அடியோடு மாற்றியது. யாரும் கொடி பிடிக்கவில்லை. அலமாரியிலிருந்த 3.5 சாகசப் புத்தகத்தை எடுத்து, ஓரத்தில் நாலு எண்ணைப் பென்சிலால் திருத்தினால் அன்று மாலையே ஆடலாம். நான்காம் பதிப்பில் அரக்கர்களையும் பொறிகளையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். எட்டு வருடம் காசு போட்டு வாங்கிய புத்தகங்கள் ஒரே நாளில் பழசானதுதான் உண்மையான எரிச்சல். ‘இது வீடியோ கேம் மாதிரி இருக்கிறது’ என்ற குற்றச்சாட்டில் பாதி அந்த எரிச்சல்தான் என்பேன்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இதற்கு நல்ல சாட்சி. சளைக்காமல் போட்டுக்கொண்டே இருக்கும் தாக்குதல் மந்திரங்கள், சற்று ஓய்வெடுத்துத் தானே உயிர்ப்புள்ளியை மீட்டுக்கொள்வது எல்லாம் நான்காம் பதிப்பின் வழி வந்தவை. வண்ணப் பெட்டிகளைத் தூக்கிவிட்டு மந்திரங்களைப் பத்தி பத்தியாக எழுதினார்கள். நான்காம் பதிப்பைத் திட்டியவர்களில் பலர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

இன்று இரண்டில் ஒன்றை எடுப்பதானால், கட்டம் போட்ட பாயில் தந்திரச் சண்டையை ரசிக்கும் குழுவுக்கு நான்காம் பதிப்பு. நீண்ட கதை, விசித்திரமான கேரக்டர் கலவைகள் வேண்டுமென்றால் பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு. அதன் விதிகள் ‘ஆர்கைவ்ஸ் ஆஃப் நேதிஸ்’ தளத்தில் இலவசம். நான்காம் பதிப்பின் அதிகாரபூர்வ இணையக் கருவிகள் 2020 பிறந்ததோடு மூடப்பட்டுவிட்டன. கேரக்டர் தாளைக் கையால்தான் நிரப்ப வேண்டியிருக்கும். லெவல் ஏற ஏறத் திறன் பட்டியல் நீளும் என்பதால் தாளைக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துவையுங்கள்.