பழைய ஸ்டேஷன் வேகன்: மரீனாவா, ஆல்டுராவா?

காரைக்குடிப் பக்கம் பழைய ஸ்டேஷன் வேகன், அதாவது டிக்கி வரை கூரை நீண்ட கார், தேடுபவர்கள் கேட்பது ஒன்றுதான், உதிரி சாமான் கிடைக்குமா? டாடா இண்டிகோ மரீனா டீசலுக்குக் கவலை குறைவு, இன்ஜின் இண்டிகாவின் அதே 1.4 லிட்டர் என்பதால் வாட்டர் பம்ப், கிளட்ச் எல்லாம் டாக்ஸி பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. ஆனால் இன்ஜின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று பழைய ஓனரால் பில் காட்ட முடியவில்லையென்றால், வாங்கிய கையோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும், அப்புறம் இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

மாருதி பலேனோ ஆல்டுரா 1.6 பெட்ரோல். ஓட்ட சுகம், சத்தம் குறைவு, என் மனசு இதன் பக்கம்தான். என்ன, பின்பக்க விளக்கு உடைந்தால் செடான் பலேனோவுடையது பொருந்தாது, சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரி சாமான் கடைகளில் அலைய வேண்டும்.

கல்யாணச் சீர் பாத்திரங்களை டிக்கி நிறைய ஏற்றுகிற வீடென்றால் எந்த வண்டியானாலும் பின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று குனிந்து பாருங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். கூலன்ட் ஊற்றுங்கள்.

தினசரி தேவகோட்டை, மதுரை என்று ஓடுபவர்களுக்கு மரீனா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவர்கள் ஆல்டுராவைப் பார்க்கலாம்.