ஜீனியஸ்: பாட்டு வரிக்குப் பொருள் தேடுகிறவர்களுக்கு எவ்வளவு உதவும்?

ஆங்கிலப் பாட்டு, அதிலும் ராப் கேட்கிற பழக்கம் இருந்து, பாடுகிறவர் என்னதான் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசையும் இருந்தால் ஜீனியஸ் செயலியைத் தயங்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். காசு கிடையாது. தமிழ்ப் பாட்டுக்குப் பொருள் தேடித்தான் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள், அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

பாட்டு வரிகளைப் போட்டு வைத்திருக்கும் இடங்கள் ஏராளம். ஜீனியஸில் என்ன விசேஷம் என்றால், சில வரிகளின் பின்னால் நிறம் பூசியிருக்கும், அதைத் தொட்டால் அந்த ஒரு வரிக்கு மட்டும் விளக்கம் திறக்கும். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தச் சொல்லலாம், ஆதரித்தோ எதிர்த்தோ ஓட்டுப் போடலாம், நன்றாக எழுதுகிறவருக்குப் புள்ளிகள் சேரும். பாடகரே வந்து எழுதினால் அந்த விளக்கம் அவர் பெயரோடு தனி அடையாளம் பெற்று நிற்கும். 2009-இல் அமெரிக்காவில் மூன்று நண்பர்கள் ஆரம்பித்தது. கேம்ரான் என்ற ராப் பாடகரின் ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் சொன்ன பதிலில் இருந்து பிறந்த யோசனை. முதலில் ராப் பாட்டுக்கு மட்டும்தான், 'ராப் ஜீனியஸ்' என்றே பெயர். எல்லா வகைப் பாட்டும் வந்து சேர்ந்த பிறகு, 2014-இல் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள்.

இந்த வரிக்கு வரி முறை எவ்வளவு பயன் என்பதற்கு ஒரே ஒரு பாட்டைச் சொல்கிறேன். டான் மெக்லீன் 1971-இல் வெளியிட்ட 'அமெரிக்கன் பை'. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், ராஜா, கோமாளி, பிசாசு என்று யார் யாரோ வருவார்கள். ஆரம்பத்திலேயே பிப்ரவரி மாதம் தன்னை நடுங்க வைத்ததாகவும், கையில் கொண்டுபோய்ப் போட்ட ஒவ்வொரு பேப்பரும் கெட்ட செய்தியாக இருந்ததாகவும் ஓரிடம் வரும். சும்மா கேட்டால் குளிர்காலத்தைப் பற்றிய புலம்பல் போல இருக்கும். விஷயம் அதுவல்ல. 1959 பிப்ரவரி 3 அன்று அயோவா மாநிலத்தில் ஒரு சிறிய விமானம் விழுந்து பட்டி ஹோலி, ரிச்சி வாலன்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன் என்ற மூன்று ராக் அண்ட் ரோல் பாடகர்கள் இறந்துபோனார்கள். மெக்லீனுக்கு அப்போது 13 வயது. வீடு வீடாகப் பேப்பர் போடுகிற பையன். பட்டி ஹோலி அவனுக்கு உயிர். கட்டைப் பிரிக்கிறான், முதல் பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கிறது, அதைத்தான் அன்றைக்கு ஒவ்வொரு வாசலிலும் போட வேண்டும். இது தெரிந்த பிறகு அந்த வரியைப் பழையபடி கேட்க முடியாது, எனக்கு இன்றுவரை தொண்டை அடைக்கிறது. இப்படி ஒரு விஷயத்தைப் பாட்டின் அந்த இடத்திலேயே ஒட்டிவைத்துக் கொடுப்பது பெரிய சேவை.

ஆனால் அதே பாட்டில் இன்னொரு பக்கமும் தெரியும். ராஜா என்றால் எல்விஸ் பிரெஸ்லி, கோமாளி என்றால் பாப் டிலன் என்று ஐம்பது வருஷமாக ரசிகர்கள் அடித்துச் சொல்லி வந்தார்கள். கட்டுரைகளிலும் அப்படியே வந்தது. மெக்லீன் வெகுகாலம் வாயைத் திறக்கவில்லை. 2022-இல் வந்த ஆவணப்படத்தில்தான் அவர் அந்த ராஜா எல்விஸ் இல்லை என்று சொன்னார். அதனால் ஜீனியஸில் ஒரு விளக்கத்தைப் படிக்கும்போது முதலில் அதை எழுதியது யார், பாடகர் பேட்டியில் சொன்னதைக் காட்டுகிறாரா, இல்லை தானாகவே ஊகிக்கிறாரா என்று பாருங்கள். நல்ல விளக்கங்களில் பேட்டிக்கு இணைப்பு இருக்கும், சில நேரம் வீடியோவையே சேர்த்திருப்பார்கள். எதுவும் இல்லாமல் 'இது இன்னதைக் குறிக்கிறது' என்று மட்டும் இருந்தால் அது ஒரு ரசிகரின் கருத்து, அவ்வளவுதான். ஊகம் தப்பு என்று நான் சொல்லவில்லை, பாட்டு கேட்பதில் பாதி சுகமே அதில்தான் இருக்கிறது. ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட்டால் சரி.

பாடகர்களை மஞ்சள் பின்னணியில் உட்காரவைத்து வரி வரியாக விளக்கச் சொல்லும் 'வெரிஃபைட்' வீடியோக்களும் இவர்கள் எடுத்ததுதான். எழுத்து விளக்கத்தைவிட எனக்கு அவை பிடிக்கும், எந்த வரியில் ஆள் சிரிக்கிறார், எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார் என்பதும் தெரிகிறது. ஸ்டிங் எழுதி தி போலீஸ் குழு 1983-இல் வெளியிட்ட 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டைக் கல்யாணத்தில் போடுகிறார்கள், பிரிந்துபோனவளை விடாமல் கண்காணிக்கிற ஒருவனின் குரல் அது என்று ஸ்டிங்கே எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், கேட்பார்தான் இல்லை.

இனி நம் பாட்டு. ஜீனியஸில் தமிழ்ப் பாட்டுகள் இருக்கின்றன. பெரிய படங்களின் பாட்டுகளைத் தேடினால் வரிகள் கிடைத்துவிடும். ஆனால் பல பாட்டுகளை ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருக்கிறார்கள், ல, ள, ழ எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும், தமிழ் எழுத்தில் படித்துப் பழகியவருக்குக் கண் வலிக்கும். விளக்கமோ மிகக் குறைவு, நான் தேடிப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் வெறும் வரிகள்தான். இதற்கு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. ரசிகர்கள் எழுதினால்தான் நிறையும், நாம் எழுதவில்லை.

எழுத விஷயம் இல்லையா என்ன? 'இருவர்' படத்தில் வைரமுத்து எழுதி ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'நறுமுகையே' பாட்டை எடுங்கள். 1997-இல் வந்தது, இன்றைக்கும் பாட்டுப் போட்டிகளில் பாடுகிறார்கள். அதில் வரும் 'அற்றைத் திங்கள்' எங்கிருந்து வருகிறது? புறநானூறு 112. பாரியின் மகளிர் பாடியது. அன்றைக்கு அந்த நிலாவில் அப்பா இருந்தார், பறம்பு மலையும் எங்களுடையதாக இருந்தது, இன்றைக்கு இந்த நிலாவில் மலையை மூவேந்தர் கொண்டுவிட்டார்கள், அப்பாவும் இல்லை என்று இரண்டு பெண்கள் அழுகிற ஐந்தடிப் பாட்டு. அந்தச் சாவு வீட்டு நிலாவைத்தான் சினிமாவில் காதலி குளிக்கும் குளக்கரை நிலாவாகத் தூக்கி வைத்திருக்கிறார் கவிஞர். இதோடு குறுந்தொகை 40-ஆம் பாட்டின் 'யாயும் ஞாயும்' வேறு வந்து சேர்கிறது, அது அசல் காதல் பாட்டு. துக்கத்தையும் காதலையும் ஒரே மெட்டில் கட்டியிருக்கிறார் என்று தெரிந்தால் அந்த மெட்டின் மெதுவான நடைக்கே வேறு கனம் வந்துவிடுகிறது. இப்படி ஒரு குறிப்பு அந்த வரிக்குக் கீழே இருக்க வேண்டாமா? தமிழ் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்கிறார்கள், பட்டிமன்றத்தில் சொல்கிறார்கள், பாட்டைக் கேட்கிறவன் கைக்கு வருவதில்லை.

'எஞ்சாயி எஞ்சாமி' இன்னொன்று. 2021-இல் வந்ததும் உலகம் முழுக்க ஆடினார்கள், இயற்கையைக் கொண்டாடும் பாட்டு என்றுதான் வெளியூர்க்காரர் பலர் எடுத்துக்கொண்டார்கள். மரம் வளர்த்தேன், தோட்டம் வைத்தேன், தோட்டம் செழித்தும் என் தொண்டை நனையவில்லை என்று நடுவில் வருகிற இடத்தில்தான் பாட்டு நிற்கிறது. அதில் பெயர் சொல்லி வருகிற வள்ளியம்மாள், பாட்டை எழுதிய அறிவு என்ற ராப் பாடகரின் சொந்தப் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய குடும்பம். அடுத்தவர் நிலத்தில் உழைத்து, கைப்பிடி மண் சொந்தமில்லாமல் போனவர்களின் பாட்டு இது. ஆடுங்கள், அதற்குத்தானே தாளம், ஆனால் அந்த வரியையும் கேளுங்கள்.

நம்மிடம் பாட்டுக்குப் பின்னணிக் கதை சொல்கிற பழக்கம் இல்லாமல் இல்லை, அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. 'பட்டணத்தில் பூதம்' படத்தில் சிவகாமி மகனிடம் சேதி சொல்லும் பாட்டு, கண்ணதாசன் காமராசருக்கு விட்ட தூது என்பார்கள். காமராசரின் தாயார் பெயர் சிவகாமி என்பது உண்மை. சிவகாமி மகன் என்றால் முருகன் என்றும் பாட்டுக்குள்ளேயே பொருள் உட்காரும். இரண்டும் சேர்ந்து நிற்பதுதான் அழகு. ஆனால் இந்த மாதிரிக் கதைகள் வாய்க்கு வாய் வளர்ந்து, எந்தக் கவிஞர் எந்த வரியை எழுதினாலும் அன்றைக்குக் காலையில் யாரோ கடன் தர மறுத்தார்கள் என்று முடிகிறது. இது கவிஞரே எழுதியது, இது கூட இருந்தவர் சொன்னது, இது செவிவழி என்று மூன்றையும் பிரித்துப் போட ஜீனியஸ் மாதிரி ஓர் இடம் தமிழுக்குத்தான் அதிகம் தேவை.

இப்போது பாட்டைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து அர்த்தம் கேட்கிறார்கள். நானும் ஒன்றில் 'நறுமுகையே' வரிகளைக் கொடுத்துப் பார்த்தேன். நிலா காதலின் குறியீடு, பொய்கை தூய்மையின் குறியீடு என்று எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பத்தி வந்தது, பாரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு ரசிகர் அரைகுறையாக எழுதினாலும் அவருக்கு அந்தப் பாட்டின் மேல் பிரியம் இருக்கிறது, அந்தப் பிரியத்தில்தான் தேடிப் போகிறார்.

பழைய பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், தியேட்டர் வாசலில் விற்பார்கள், கதைச் சுருக்கம் போட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்துவிட்டுப் பாட்டுகளைக் கொடுத்திருப்பார்கள். எழுதியவர் பெயர் தவறாமல் இருக்கும். ஜீனியஸில் இந்தப் பகுதி நன்றாகச் செய்திருக்கிறார்கள், எழுதியவர், இசை, யாருடைய பழைய பாட்டிலிருந்து துண்டு எடுத்தார்கள் என்பதுவரை கீழே பட்டியல் இருக்கும். பாட்டு ஓடும்போது பாடலாசிரியர் பெயரையே காட்டாத செயலிகளுக்கு நடுவில் இதற்காகவே தனி மதிப்பெண் கொடுக்கலாம்.

விளம்பரம் உண்டு. 2021-இல் 8 கோடி டாலருக்கு மீடியாலேப் என்ற நிறுவனம் வாங்கிவிட்டது, இனி எப்படி நடத்துவார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். வரிகளைக் கூகுள் எடுத்துப் போடுகிறது என்று 2019-இல் வழக்குப் போட்டதும் இவர்கள்தான். ஆங்கில வரிகளில் எழுத்துக்கு மேலே வரும் அபாஸ்ட்ரஃபி (') குறிகளை நேராகவும் வளைவாகவும் மாற்றி மாற்றி வைத்து, அதைச் சேர்த்துப் படித்தால் 'கையும் களவுமாக' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல், புள்ளியும் கோடுமாக எழுதும் மோர்ஸ் குறியீட்டில் வருமாறு ஒளித்து வைத்திருந்தார்களாம். அபாரமான வேலை. வழக்கு என்னவோ தோற்றுப்போனது.

என் கணக்கில் ஆங்கிலப் பாட்டுக்கு ஐந்துக்கு நாலரை. தமிழுக்கு இப்போதைக்கு ஒன்றரை, அதுவும் எழுதியவர் பெயர் போடுவதற்காக. தமிழ் எம்.ஏ. படித்தவர்கள், பழைய பாட்டு நன்றாகத் தெரிந்தவர்கள் கணக்கு ஆரம்பித்து ஆளுக்கு ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் அந்த ஒன்றரை சீக்கிரம் ஏறும். விளக்கம் தமிழிலேயே எழுதுங்கள், பாட்டு எண்ணையும் நூல் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.